கண்மாய் மண்ணில் பானை: மண் தேடுவது முதல் சூளை பிரிப்பது வரை

கைவினைக் கடையில் பாக்கெட்டில் விற்கும் களிமண்ணை யார் வாங்கினாலும் அது ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். கண்மாயில் நாமே வெட்டி எடுக்கும் மண் அப்படி இல்லை. ஒரே கண்மாயில் நடுப்பள்ளத்து மண் வழவழவென்று இருக்கும், தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கால் பக்கத்து மண் மணலாக உதிரும். பானை தேறுமா விரிசல் விடுமா என்பதில் பாதிக்கு மேல், வனைய உட்காரும் முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் வனைவதற்குக் கொஞ்ச இடமும், மண்ணைச் சோதிப்பதற்கும் சூளைக்கும் நிறைய இடமும் கொடுத்திருக்கிறேன்.

சக்கரம் வேண்டாம், மின்சார உலை வேண்டாம். இரண்டு பிளாஸ்டிக் வாளி, ஒரு பழைய வேட்டி, கொசுவலைத் துண்டு, ஒரு வழவழப்பான கூழாங்கல், வரட்டி, வைக்கோல், பொறுமை. இவ்வளவு போதும்.

மண் எங்கே, எப்போது

பங்குனி கடைசியிலிருந்து வைகாசி வரை நல்ல காலம். நீர் வற்றிய கண்மாயில் தரை பாளம் பாளமாக வெடித்து, பாளங்களின் ஓரம் மேல்நோக்கி வளைந்து நிற்கும் இடத்தைத் தேடுங்கள். களி அதிகமுள்ள மண்தான் அப்படிச் சுருங்கி வளையும். மேலாக இருக்கும் அரையடியில் வேரும் குப்பையும் இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு அதற்குக் கீழே எடுங்கள். கண்மாய் இல்லாத ஊரில் ஓடையின் அறுத்த கரை, கிணறு வெட்டிக் கொட்டிய மேடு, வீட்டு அஸ்திவாரக் குழி ஆகியவற்றைப் பாருங்கள். மண்வெட்டி பட்ட இடம் சோப்பு வெட்டியதுபோல் பளபளத்தால் அங்கே களி இருக்கிறது.

இதையெல்லாம்விடச் சுலபமான வழி, பக்கத்தில் இருக்கும் வேளார் (குயவர்) வீட்டுக்குப் போய்க் கேட்பது. எந்தக் குளத்து மண் அடுப்புச் சட்டிக்கு ஆகும், எது அகல் விளக்குக்கு மட்டும் ஆகும் என்று அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். மானாமதுரையில் ஒரே மண்ணை வைத்து வேலை செய்வதில்லை. பல கண்மாய்களின் மண்ணைக் கலந்து, நுண்மணல் சேர்த்துத்தான் கடம் செய்கிறார்கள். அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்குப் பின்னால், எந்த மண்ணோடு எதைச் சேர்ப்பது என்கிற அறிவுதான் நிற்கிறது.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் நீர்நிலைகளிலிருந்து வண்டல், களிமண் எடுக்க அரசு வழிசெய்திருக்கிறது. அதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு வாளி மண்தானே என்று நினைத்தாலும் ஊராட்சியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள். தனியார் நிலமாக இருந்தால் உரிமையாளரைக் கேளுங்கள்.

எடுக்கக் கூடாத இடங்களும் உண்டு. சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஆலை ஆகியவற்றின் கழிவுநீர் சேரும் குளம், சாக்கடை கலக்கும் ஏரி, குப்பை எரிக்கும் இடம் ஆகியவற்றின் மண் சமையல் பாத்திரத்துக்கு ஆகவே ஆகாது. அதேபோல் மேட்டு நிலத்தில் கறுப்பும் சிவப்புமான பழைய ஓடுகள் சிதறிக் கிடந்தால் அங்கே மண்வெட்டியை வைக்காதீர்கள். கீழடியும் ஆதிச்சநல்லூரும் இப்படிப்பட்ட ஓடுகள் கிடைத்த இடங்கள்தான். வருவாய்த் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ தகவல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கரிசல் மண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோவில்பட்டி, அருப்புக்கோட்டை பக்கம் உள்ளவர்கள் அது கையில் ஒட்டும் விதத்தைப் பார்த்து நல்ல களி என்று நம்பிவிடுவார்கள். கரிசலில் இருக்கும் களி தண்ணீரைக் குடித்து ஏகமாக உப்பும், காயும்போது அதே அளவு சுருங்கும். தனியாக அதில் வனைந்தால் காய்வதற்குள்ளேயே பிளந்துவிடும். வேறு மண்ணில் பிசுக்கு போதாமல் இருக்கும்போது கரிசலைக் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளலாம். செம்மண் இதற்கு நேர் எதிர். பெரும்பாலும் வனைய வராது, ஆனால் பூச்சுக்கு அதைவிட நல்லது கிடையாது. ஒரு கூடை எடுத்துத் தனியாக வையுங்கள்.

வாளி நிரப்பும் முன் ஐந்து சோதனைகள்

ஒரு கை மண் எடுத்தால் போதும். இந்தச் சோதனைகளை நான் எந்தப் புது மண்ணுக்கும் தவிர்ப்பதில்லை.

முதலில் திரித்துப் பாருங்கள். மண்ணைச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து, பென்சில் தடிமனில் திரியாக உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிக்காமல் சுற்றினால் வனைய ஆகும். லேசாக வெடித்தால் சலித்துப் பார்க்கலாம். உடைந்து விழுந்தால் வேறு இடம் தேடுங்கள்.

இரண்டாவது, கண்ணாடி பாட்டில். மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காரும், அதன்மேல் வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி கடைசியாக, ஒரு நாள் ஆனாலும் முழுதாகத் தெளியாமல் இறங்கும். மேல் அடுக்கு எவ்வளவு தடிமன் என்று பார்த்தாலே சலித்த பிறகு கையில் எவ்வளவு மிஞ்சும் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதுதான் சூளைக்குப் பிறகு ஆளைக் கவிழ்ப்பது. நம் மண்ணில் பல இடங்களில் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல், கலந்திருக்கும். காய்ந்த மண்மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சில சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. சூளையில் சுமார் 800 டிகிரி சூட்டில் இந்தக் கல் சுட்ட சுண்ணாம்பாக மாறிவிடும். பானை வெளியே வரும்போது அழகாகவே இருக்கும். சில நாளில் காற்றின் ஈரத்தை இழுத்து அந்தச் சுண்ணாம்பு உப்ப, பானையின் மேல்தோல் பொட்டுப் பொட்டாகத் தெறித்து விழும். தெறித்த ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். பொடியாகக் கலந்த சுண்ணாம்பு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை, கல்லாக இருப்பதுதான் தொல்லை. ஆகவே மெல்லிய துணியில் சலித்தால் தப்பிக்கலாம். கொதிக்கிற மாதிரி நுரைத்தால் அந்த மண்ணே வேண்டாம்.

நான்காவது, சுருக்கம். 12 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 1 செ.மீ. தடிமனில் ஒரு பில்லை தட்டி, அதன்மேல் சரியாக 10 செ.மீ. கோடு கிழியுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகு அளந்தால் கோடு 9.3 செ.மீ. இருக்கிறதென்றால் சுருக்கம் 7 சதவீதம். 5 முதல் 8 வரை நிம்மதியாக வேலை செய்யலாம். 10ஐத் தாண்டினால் மணல், ஓட்டுத் தூள் மாதிரி சொரசொரப்பான கலவைப் பொருள் சேர்க்காமல் பெரிய பாத்திரம் செய்யாதீர்கள்.

ஐந்தாவது, நெருப்பு. அதே பில்லையை, நன்றாகக் காய்ந்த பிறகு, கரி அடுப்பின் ஓரத்தில் வைத்துச் சூடேற்றி, அப்புறம் தணலுக்குள் புதைத்து, விசிறி சிவக்கச் சிவக்க ஒரு மணி நேரம் வையுங்கள். ஆறியதும் தண்ணீரில் ஒரு இரவு போட்டு வையுங்கள். கரையாமல் கெட்டியாக இருந்தால் அது பானை மண். கரைந்தால் சூடு போதவில்லை, மறுபடி செய்து பாருங்கள். ஒவ்வொரு பில்லையின் பின்னாலும் ஊர், இடம், தேதி கீறி வைத்துவிடுங்கள். பின்னால் மண்ணைக் கலக்கும்போது அதுதான் கணக்குப் புத்தகம்.

கரைத்து, சலித்து, புளிக்க வைப்பது

எடுத்து வந்த மண்ணை உடனே தண்ணீரில் போடாதீர்கள். முழுதாகக் காய வைத்து, கட்டிகளை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். தூசு மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்வது நல்லது, மண்தூசு நுரையீரலுக்கு ஆகாது. எலும்புபோலக் காய்ந்த கட்டியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: குமிழி விட்டு, ஓரங்கள் உதிர்ந்து, சில நிமிடத்தில் தானாகவே சரிந்து சேறாகிவிடும். பாதி ஈரத்தோடு போட்ட கட்டி இரண்டு நாளானாலும் அப்படியே கிடக்கும். ஈரமண்ணில் தண்ணீர் நுழைய இடமில்லை, காய்ந்த மண்ணின் நுண்துளைகளுக்குள் அது வேகமாகப் புகுந்து உள்ளிருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்பதுதான் காரணம்.

ஓரிரவு ஊறியதும் கையால் கலக்கி, மோர்ப் பதத்துக்கு நீர் சேர்த்து, கொசுவலையில் ஒரு முறை, சுக்கான் கல் சந்தேகம் இருந்தால் வேட்டித் துணியில் இன்னொரு முறை சலியுங்கள். இரண்டு நாள் தெளியவிட்டு மேல்நீரை இறுத்துவிடுங்கள். மிச்சக் குழம்பைத் துணியில் கட்டி மரக்கிளையில் தொங்கவிடலாம், அல்லது செங்கல் அடுக்கித் துணி விரித்து ஊற்றலாம். செங்கல் நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

கெட்டியானதும் பிளாஸ்டிக்கில் சுற்றி நிழலில் குறைந்தது இரண்டு வாரம் வையுங்கள். வாடை வந்தால் கவலைப்படாதீர்கள், நல்லதுதான். தண்ணீர் ஒவ்வொரு துகளையும் சென்று சேரவும் நுண்ணுயிர்கள் வேலை செய்யவும் இந்த நாட்கள் வேண்டும். புளித்த மண் வளைவதே தனி.

எதைக் கலப்பது

நெருப்புக்கு மேல் வைக்கும் சட்டியில் வெறும் களி மட்டும் இருந்தால் வெடித்துவிடும். களிக்கு நடுவே சொரசொரப்பான துகள் இருந்தால்தான் காயும்போது ஈரம் வெளியேற வழி கிடைக்கும், சூட்டில் தோன்றும் மயிர்க்கோட்டு விரிசலும் பரவாமல் நிற்கும்.

மூன்று பொருட்கள் எல்லா ஊரிலும் உண்டு. நுண்மணல் சுலபம். ஆனால் மணலில் உள்ள படிகக்கல் 573 டிகிரியில் சட்டென்று விரியும் தன்மை கொண்டது, அளவு மீறினால் சூளையில் வேகமாகச் சூடேறும்போதும் ஆறும்போதும் தொந்தரவு. உமி எரிந்து போய்த் துளைகளை விட்டுச் செல்லும், பானை எடை குறையும், தண்ணீர் குளிரும், ஆனால் பலம் குறையும். மூன்றாவது, உடைந்த பானை ஓட்டை இடித்துச் சலித்த தூள். ஏற்கனவே ஒருமுறை சுட்டுச் சுருங்கி முடித்த பொருள் என்பதால் அது மறுபடி வம்பு செய்யாது. என் தேர்வு இதுதான். விளக்கு, சின்னக் கிண்ணத்துக்குக் களியில் பத்தில் ஒரு பங்கு, சமையல் சட்டிக்கு நான்கில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம்.

கலந்த மண்ணைச் சாக்கின்மேல் பரப்பிக் காலால் மிதியுங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி மிதித்து, மடித்து, மறுபடி மிதிப்பது. குதிகாலுக்குக் கல்லும் கட்டியும் கண்ணைவிட நன்றாகத் தெரியும். கம்பியால் வெட்டிப் பார்த்தால் வெட்டுமுகத்தில் காற்றுப் பொத்தல் இருக்கக் கூடாது.

வனைதல்

ஆரஞ்சு அளவு உருண்டையில் கட்டைவிரலை இறக்கிச் சுழற்றிக் கிள்ளிக் கிள்ளிக் கிண்ணம் செய்வதில் தொடங்குங்கள். கை பழகியதும் அடியைத் தட்டி, அதன்மேல் திரிகளை அடுக்கி உயர்த்துங்கள். ஒவ்வொரு திரியையும் உள்ளும் புறமும் கீழ்த் திரியோடு தேய்த்து இணைக்க வேண்டும், ஒட்டினால் மட்டும் போதாது. சுவர் 6 முதல் 8 மி.மீ. இருக்கட்டும். தடிமனைவிடச் சீராக இருப்பதுதான் முக்கியம்.

நம் குயவர்களின் ஒரு முறையைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். சக்கரத்தில் தடித்த சுவரும் திறந்த அடியுமாக எடுத்த பானையைச் சற்று உலரவிட்டு, உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி வயிற்றை விரித்து அடியை மூடுவார்கள். நம் பானைக்கு உருண்டை அடி வருவது இப்படித்தான். மூலை இல்லாததால் சூடு சீராகப் பரவும். திரி அடுக்கிச் செய்த பானைக்கும் இந்தத் தட்டு பொருந்தும், இணைப்புகள் இறுகிவிடும்.

செம்மண் பூச்சும் மெருகும்

எடுத்து வைத்த செம்மண்ணை நிறைய நீரில் கரைத்து, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே கலங்கி நிற்கும் செந்நீரை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அதைச் சில நாள் படியவிட்டால் அடியில் பாலேடு பதத்தில் ஒரு குழம்பு கிடைக்கும். பானை பாதி காய்ந்து, நகம் பட்டால் தழும்பு விழும் ஆனால் அமுங்காத பதத்தில், துணியால் இரண்டு மூன்று முறை பூசுங்கள். பூச்சின் ஈரமினுமினுப்பு மறைந்ததும் கூழாங்கல்லால் ஒரே திசையில் தேயுங்கள். துகள்கள் படுத்து அடைந்து, கண்ணாடி மாதிரி பளபளப்பு வரும், தண்ணீர்க் கசிவும் குறையும். இந்தப் பளபளப்பு 900 டிகிரிக்கு மேல் சுட்டால் மங்கிவிடும். திறந்த சூளைக்கு அது பிரச்சினையில்லை.

அப்புறம் நிழலில் காய விடுங்கள். ஆடிக் காற்றில் திறந்து வைத்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து கோணும், துணி போர்த்தித் தினமும் திருப்பி வையுங்கள். விளிம்பு இறுகியதும் கவிழ்த்து வைத்தால் அடியும் காயும். ஒரு வாரமாவது ஆகும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

சூளை

காற்றும் மழையும் இல்லாத நாளில், கூரை வீட்டுக்கும் வைக்கோல் போருக்கும் தொலைவில், மண் தரையில் போடுங்கள். சிமென்ட் தளத்தில் வேண்டவே வேண்டாம், சூட்டில் சிமென்ட் வெடித்துச் சிதறும். பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர் இருக்கட்டும்.

முதலில் தரையில் ஒரு நெருப்பு போட்டு ஈரத்தை விரட்டுங்கள். அந்த நெருப்பைச் சுற்றிப் பானைகளை ஒரு முழத் தூரத்தில் வைத்து, திருப்பித் திருப்பி, மெதுவாகப் பக்கத்தில் நகர்த்தி, கை வைக்க முடியாத அளவு சூடேற்றுங்கள். இதற்கு இரண்டு மணி நேரம் ஆகட்டும். சூளையில் வெடிக்கும் பானைகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டதால்தான் வெடிக்கின்றன. சுவருக்குள் மிச்சமிருக்கும் நீர் ஆவியாகி வெளியேற நேரமில்லாமல் சுவரையே உடைத்துக்கொண்டு வருகிறது.

தணலைப் பரப்பி, உடைந்த ஓடுகளை அடுக்கி, அதன்மேல் வரட்டி ஒரு வரிசை. கனத்த கையுறையோ நீண்ட குச்சியோ கொண்டு பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, இடைவெளிகளில் சிரட்டையும் சுள்ளியும் செருகுங்கள். சுற்றிலும் மேலும் வரட்டியைச் சாய்த்து நிறுத்துங்கள். பானைக் குவியலைப்போல் மூன்று மடங்காவது எரிபொருள் வேண்டும். மேலே வைக்கோலைத் தடிமனாகப் போர்த்தி, அதன்மேல் சேற்றை மெழுகுங்கள். அடியைச் சுற்றி ஏழெட்டு ஓட்டையும் உச்சியில் ஒன்றும் விடுங்கள். வைக்கோல் எரிந்து சாம்பலானாலும் சேற்று ஓடு நின்று சூட்டைப் பிடித்துவைக்கும்.

மாலையில் பற்றவைத்தால் நிறம் நன்றாகத் தெரியும். வெயிலில் சூளையின் சிவப்பு கண்ணுக்குப் படாது. ஓட்டை வழியாகப் பாருங்கள்: இருண்ட சிவப்பு என்றால் ஏறக்குறைய 600 முதல் 650 டிகிரி, பழச்சிவப்பு 750 முதல் 800. சுமார் 450இலிருந்து 600க்குள் களியின் உள்ளமைப்பிலேயே கட்டுண்டிருக்கும் நீர் பிரிந்துபோகிறது. அதைத் தாண்டிய மண் இனி கரைந்து சேறாகாது. எல்லாப் பானையும் பழச்சிவப்பில் அரை மணியாவது நிற்க வேண்டும். ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் அந்தப் பக்கத்து ஓட்டையைப் பெரிதாக்கி, காற்று அதிகம் போகும் பக்கத்து ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

சிவப்பா கறுப்பா என்பதைக் கடைசி நேரம் தீர்மானிக்கும். ஓட்டைகளைத் திறந்தே விட்டால் மண்ணிலுள்ள இரும்பு காற்றோடு சேர்ந்து சிவக்கும். தணல் உச்சத்தில் இருக்கும்போது ஈரத்தழையும் உமியும் போட்டு எல்லா ஓட்டையையும் சேற்றால் அடைத்தால் புகைக்கரி சுவருக்குள் ஏறிக் கறுப்பாகும். உள்ளும் விளிம்பும் கறுத்து, வெளியே சிவந்த பழந்தமிழ்க் கறுப்பு–சிவப்புப் பானைக்கு இந்த இரண்டும் சேர வேண்டும். வாயை உமிக்குள் புதைத்துக் கவிழ்த்துச் சுடுங்கள். வாய்ப்பக்கம் காற்றுப் படாமல் கறுக்கும், முதுகு காற்றில் சிவக்கும். அகழாய்வு நடந்த கொடுமணலில் கிடைத்த, பெயர் கீறிய ஓடுகளைப் பார்த்தவர்களுக்கு, அந்த இருநிறம் தன் சூளையிலிருந்தே வெளிவருவதைப் பார்க்கும் சந்தோஷம் பெரிது.

காலை வரை பிரிக்காதீர்கள். சாம்பலுக்குள் கை வைக்க முடிகிற சூடு வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். அதற்குள் குளிர்காற்றுப் பட்டால் முழுப் பானையும் கீறல் விடும்.

தட்டிப் பார்த்து, பழக்குவது

விரல் கணுவால் தட்டுங்கள். ‘டங்’ என்றால் நன்றாக வெந்திருக்கிறது, ‘தொத்’ என்றால் விரிசலோ வேகாததோ. வேகாததை மறு சூளையில் வைக்கலாம்.

இது கசியும் பானைதான். தண்ணீர்ப் பானைக்கு அந்தக் கசிவுதான் குளிர்ச்சி. சமையல் சட்டியை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு அரிசி வடித்த கஞ்சியை ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவிட்டு, அதிலேயே ஆறவிடுங்கள். கஞ்சியின் மாவு துளைகளை அடைக்கும். இரண்டு மூன்று தடவை இப்படிப் பழக்கிய பிறகு குழம்பு வைக்கலாம். வெறும் சட்டியைத் தீயில் வைக்கக் கூடாது, சூடான சட்டியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது. சோப்பும் வேண்டாம், துளைக்குள் ஏறி நிற்கும்.

கண்ணாடிப் பூச்சு வேண்டுமென்று கேட்பவர்களுக்கு: திறந்த சூளையில் அது வராது. சாம்பல் உருகிக் கண்ணாடியாக 1200 டிகிரிக்கு மேல் வேண்டும், அந்தச் சூட்டில் நம் இரும்பு மிகுந்த கண்மாய் மண் பானையாக நிற்காமல் குழைந்துவிடும். சூடு குறைவாக இருக்கும்போதே உருக வேண்டும் என்பதற்காக ஈயம் கலந்த பூச்சைச் சமையல் பாத்திரத்தில் பூசவே கூடாது. உயர்சூட்டு உலை வைத்திருக்கும் பட்டறை தெரிந்தால், 1971இல் புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி வழியாக அந்தப் பகுதியில் பரவிய மாதிரியான பட்டறை, உங்கள் கண்மாய் மண்ணை அங்கே பானைக்கு இல்லாமல் பூச்சுக்குக் கொண்டுபோங்கள். சலித்த மண் பாதி, சலித்த விறகுச் சாம்பல் பாதி, தண்ணீர். உயர்சூட்டைத் தாங்கும் களிமண் பில்லையில் பூசி 1260 டிகிரி அளவில் சுட்டுப் பாருங்கள், பழுப்பும் பச்சையும் கலந்த பூச்சு வரும். ரொம்ப ஒழுகினால் சாம்பலைக் குறைத்து உமிச்சாம்பலைச் சேருங்கள். அதில் பெரும்பகுதி சிலிக்கா, ஒழுக்கைக் கட்டும். சாம்பல் நீர் தோலை அரிக்கும், கையுறை போட்டே கலக்குங்கள். முதல் பில்லைக்கு அடியில் ஒரு பழைய ஓட்டுத் துண்டை வைத்துச் சுடுங்கள், இல்லையென்றால் ஒழுகிய பூச்சு அவர்களுடைய உலைத்தட்டில் ஒட்டிக்கொள்ளும்.